பணப்பையில் இருப்பை எந்த அலகில் காட்டுவது? பிட்காயினா, மில்லியா, பிட்ஸா, சதோஷியா?

#1 நிரல்நெசவு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கைப்பேசிக்கு ஒரு சிறிய பிட்காயின் பணப்பைச் செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். சாவி உருவாக்கம், மீட்புச் சொற்கள், கையொப்பம் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. பயந்த வேலைகள் முடிந்துவிட்டன. அரை மணி நேரத்தில் முடியும் என்று ஒதுக்கிவைத்த வேலைதான் மூன்று வாரமாக என்னைப் படுத்துகிறது: முகப்புத் திரையில் இருப்பைக் காட்டும் அந்த ஒற்றை எண்.

ஒரே தொகை, நான்கு வேடம்:

0.00034500 பிட்காயின்
0.34500 மில்லிபிட்காயின்
345.00 பிட்ஸ்
34,500 சதோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு)

முதலாவது எல்லாரும் அறிந்த பெயர். ஆனால் அதை எழுதிய எனக்கே விரலால் பூச்சியங்களை எண்ண வேண்டியிருக்கிறது. கடைசியைப் படிப்பது எளிது, பெரிய தொகை வந்தால் மட்டும் எண் நீண்டு திரையின் ஓரத்தில் முட்டுகிறது. நடுவிலுள்ள இரண்டையும் யார் பயன்படுத்துகிறார்கள் என்றே தெரியவில்லை. தொகை சிறிதானால் சதோஷி, பெரிதானால் பிட்காயின் என்று செயலியே மாற்றிக்கொள்ளும் ஒரு வடிவத்தையும் செய்துவைத்திருக்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஏனோ மனம் ஒப்பவில்லை. என்ன சொல்கிறீர்கள்?

#2 எட்டுப்பூச்சியம்

பிட்காயின் பணப்பை பிட்காயினைத்தான் காட்ட வேண்டும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? சந்தையில் விலை சொல்வது ஒரு பிட்காயினுக்கு. 2.1 கோடி என்ற உச்சவரம்பும் பிட்காயினில்தான். எட்டு தசம இடத்தைப் படிப்பது மலையைப் புரட்டும் வேலையா? புதிதாக வருபவருக்கு ஒரு பெயரைப் பழக்குவதற்கே நாக்கு தள்ளுகிறது. நீங்கள் நான்கைக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

#3 பழையகணக்கு

மேற்கோள்: "பிட்காயின் பணப்பை பிட்காயினைத்தான் காட்ட வேண்டும்."

நண்பரே, உள்ளே திறந்து பார்த்தால் அங்கே புள்ளியே கிடையாது. பரிவர்த்தனையின் ஒவ்வொரு வெளியீட்டிலும் தொகை 64 பிட் முழு எண்ணாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது, சதோஷிக் கணக்கில். நீங்கள் பிட்காயின் என்று சொல்வது மூல நிரலில் 10,00,00,000 என்ற ஒரு மாறிலி, அத்தனை சதோஷி சேர்ந்தது. தொடக்கத்தில் ஒரு தொகுதிக்கு (பரிவர்த்தனைகளைச் சேர்த்து எழுதும் பதிவேட்டின் ஒரு பக்கம்) கிடைத்த 50 பிட்காயின் வெகுமதிகூட 50 பெருக்கல் அந்த மாறிலிதான். 2,10,000 தொகுதிகளுக்கு ஒருமுறை அது பாதியாகிறது. முழு எண் வகுத்தல் என்பதால் மிச்சம் உதிர்ந்துபோகிறது. அதனால்தான் மொத்த அளிப்பு 2.1 கோடியைத் தொடாமல் 2,09,99,999.9769 பிட்காயினில் நின்றுவிடும். தசமப் புள்ளி நாம் திரையில் வைத்த பொட்டு. கலைத்து வேறு இடத்தில் வைத்தாலும் உள்ளே எதுவும் அசையாது.

பழைய கதை ஒன்றும் சொல்ல வேண்டும். 2013 கடைசியில் விலை முதல்முறையாக 1,000 டாலரைத் தாண்டியபோது பிட்காயின் பெரிய அலகாகிவிட்டது என்று பேச்சு எழுந்தது. அடுத்த ஆண்டு சில பணப்பைகள் மில்லிபிட்காயினுக்குத் தாவின. 2017 டிசம்பரில் விலை 20,000 டாலரை நெருங்கிய நேரத்தில் மில்லியும் பெரிதாகத் தோன்றியது. அந்த மாதம்தான் பிட்காயினில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை, அதாவது 100 சதோஷியை, "பிட்" என்று அழைக்கும் பிஐபி 176 வந்தது (பிஐபி என்பது பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு). இரண்டு தசம இடம், வழக்கமான நாணயம் போலவே. நியாயமான யோசனைதான். ஆனால் இரண்டும் அன்றைய விலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைகள். பிள்ளை வளர்ந்துவிட்டது.

விலையைப் பார்த்து அலகைத் தேர்ந்தால் ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை இதே இழையை நாம் மீண்டும் திறக்க வேண்டியிருக்கும். எந்த விலையிலும் நகராதது அடித்தளம் ஒன்றுதான். அது சதோஷி.

#4 எழுத்துருக்காரர்

இணையத்தில் எழுத்துருக்களை விற்பவன் நான். இந்த அலகு விஷயத்தில் சூடுபட்ட பூனை.

நான் வைத்திருந்த பணப்பை மில்லிபிட்காயினில் காட்டிவந்தது. நானும் பழகிவிட்டேன். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவருக்கு 2 மில்லி திருப்பித் தர வேண்டியிருந்தது. முகவரியை ஒட்டினேன், 2 என்று தட்டினேன், அனுப்பு என்று அழுத்தினேன். "போதிய இருப்பு இல்லை" என்று வந்தது. குழம்பிப்போய் மூன்று முறை அழுத்தினேன் என்றால் நம்புங்கள். பிறகுதான் கவனித்தேன்: முந்தின இரவு செயலி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு அலகைப் பிட்காயினுக்கு மாற்றியிருந்தது. நான் அனுப்பப் பார்த்தது இரண்டு முழு பிட்காயின். கடைக் கணக்கில் அவ்வளவு பணம் இல்லாதது என் அதிர்ஷ்டம். சேமிப்பையும் அதே பணப்பையில் வைத்திருந்தால் இன்று இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அனுப்பியதை ரத்துசெய்ய இதில் பொத்தான் இல்லை.

ஆகவே எந்த அலகு என்பதைவிட எனக்கு முக்கியமான கேள்வி, அது என்னைக் கேட்காமல் மாறுமா என்பது. நிரல்நெசவு அவர்களே, அந்தத் தானாக மாறும் வடிவத்தைத் தயவுசெய்து குப்பையில் போடுங்கள். பட்டியலை எண்ணிப் பாருங்கள். ஒரு வரியில் 95,000 சதோஷி. அடுத்த வரியில் 0.0125 பிட்காயின். எது பெரிது என்று யாரிடமாவது காட்டிக் கேளுங்கள். 95,000தான் கண்ணில் முதலில் அறையும். உண்மையில் இரண்டாவது அதைப்போல் 13 மடங்குக்கும் மேல்: 12,50,000 சதோஷி.

தொழில் புத்தியில் இன்னொன்று: எந்த அலகாக இருந்தாலும் எல்லா இலக்கமும் ஒரே அகலத்தில் இருக்கும் எழுத்துருவைப் போடுங்கள். 1 ஒல்லியாகவும் 0 குண்டாகவும் இருக்கும் எழுத்துருவில் இரண்டு தொகைகளை ஒன்றின்கீழ் ஒன்று வைத்து ஒப்பிடவே முடியாது. பிட்காயினுக்கான ₿ குறி யூனிகோடுக்கு வந்தது 2017இல், 10ஆம் பதிப்பில். அதற்கு முன் செய்த எழுத்துருக்களில் பெரும்பாலும் அந்த இடத்தில் வெறும் கட்டம்தான் தெரியும். சதோஷிக்கு அதுவும் இல்லை, ஒப்புக்கொள்ளப்பட்ட குறி என்று ஒன்றும் கிடையாது. சொல்லாகவே எழுதுங்கள்.

#5 நிரல்நெசவு

தானாக மாறும் வடிவத்தை நேற்றிரவே நீக்கிவிட்டேன். 95,000 எடுத்துக்காட்டைப் படித்த பிறகு அதை வைத்திருக்க எனக்கு முகம் இல்லை.

#6 தசமம்வேண்டாம்

நான் கேட்பது ஒன்றுதான். சதோஷி என்று தனிப்பெயர் எதற்கு? 2025இல் வந்த பிஐபி 177ஐப் படித்தீர்களா? அடிப்படை அலகையே பிட்காயின் என்று அழைத்துவிடலாம் என்கிறது அது. இன்று சதோஷி என்பது இனி பிட்காயின். புள்ளியே இல்லை. உங்கள் எடுத்துக்காட்டு 34,500 பிட்காயின் ஆகிவிடும். மொத்த அளிப்பு ஏறத்தாழ 21 கோடி கோடி.

ஜப்பானின் யென்னைப் பாருங்கள். அதற்கும் சென் என்று நூறில் ஒரு பங்கு இருந்தது. 1953இல் அது புழக்கத்திலிருந்து போனது. இன்று யென் என்றால் முழு எண்தான், யாரும் புள்ளியைத் தேடி அழவில்லை. குவைத் தினாருக்கு மூன்று தசம இடம், அதை அந்த மக்கள் பழகியிருக்கிறார்கள். எட்டு தசம இடத்தைப் பழகிய மக்கள் உலகில் எங்கே இருக்கிறார்கள்? "முழு பிட்காயின் வாங்க எனக்கு வசதி இல்லை" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! துண்டாகவும் வாங்கலாம் என்று விளக்கினாலும் துண்டு யாருக்கும் பிடிப்பதில்லை. அதே ஆள் பத்து லட்சம் கோடி எண்ணிக்கையில் அச்சடித்த ஏதோ ஒரு நாய்ப்படக் காசை, மலிவு என்று நினைத்து மூட்டையாக வாங்குகிறார். எண்ணின் மயக்கம் அப்படி.

#7 பழையகணக்கு

நோய் சரி. மருந்துதான் பயமுறுத்துகிறது.

அலகை மாற்றியவர்கள் இல்லாமல் இல்லை. 1960இல் பிரான்ஸ் 100 பழைய பிராங்கை ஒரு புதிய பிராங்க் ஆக்கியது. பல பத்தாண்டுகள் கழித்தும் முதியவர்கள் வீட்டு விலையைப் பழைய பிராங்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2005இல் துருக்கி ஆறு பூச்சியங்களை வெட்டியது. புதிய காசுக்குப் "புதிய லிரா" என்றே பெயர் வைத்து, குழப்பம் அடங்கிய பிறகு 2009இல்தான் அந்தப் "புதிய"வை எடுத்தது. நம் உலகத்திலேயே போல்காடாட் வலைப்பின்னல் 2020 ஆகஸ்டில் தன் நாணயமான டாட் ஒன்றை 100 டாட் ஆக்கியது. வைத்திருப்பவர்கள் வாக்களித்து எடுத்த முடிவு அது. எந்தத் தொகுதியிலிருந்து மாற்றம் என்றும் முன்பே குறித்திருந்தார்கள். அப்படியும் சிறிது காலம் "பழைய டாட்", "புதிய டாட்" என்று இரண்டையும் சொல்லித்தான் பேச வேண்டியிருந்தது.

இவற்றில் எல்லாம் ஒரு நாள் குறித்தார்கள், அறிவிக்க ஒரு வாய் இருந்தது. பிட்காயினுக்கு அந்த வாய் எங்கே இருக்கிறது? ஒரு பணப்பை மாறும், பக்கத்துப் பணப்பை மாறாது. கட்டண இணைப்புகளுக்கான பிஐபி 21 வடிவத்தில் தொகை பழைய பிட்காயின் கணக்கில், தசமத்தில்தான் எழுதப்பட வேண்டும். அது உலகமெங்கும் க்யூஆர் குறிகளில் அச்சாகிக் கிடக்கிறது. ஒரே சொல், பத்துக் கோடி மடங்கு வேறுபாடு, இரண்டும் ஒரே நேரத்தில் புழக்கத்தில். எழுத்துருக்காரருக்கு ஆயிரம் மடங்கிலேயே மூச்சு நின்றது.

#8 தசமம்வேண்டாம்

பத்துக் கோடி மடங்கு என்பதே பாதுகாப்புதான் ஐயா. இரண்டு மடங்கு என்றால் ஏமாறலாம். ஒரு பாட்டைப் பதிவிறக்க 3,000 பிட்காயின் என்று போட்டிருந்தால் எந்தப் பிட்காயின் என்று குழந்தைக்கும் தெரியும்.

#9 எழுத்துருக்காரர்

படிக்கும்போது தெரியும். தட்டும்போது? "எனக்கு 2 பிட்காயின் அனுப்பு" என்று ஒரு செய்தி வந்தால்?

#10 செவிவழி

இந்த இழையில் எல்லாரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் சொல்வதைக் கேட்டுத்தான் பணப்பையைப் பயன்படுத்துகிறேன்.

முதல் பதிவில் உள்ள தொகை பிட்காயினில் எனக்கு இப்படிக் கேட்கிறது: "சுழியம் புள்ளி சுழியம் சுழியம் சுழியம் மூன்று நான்கு ஐந்து சுழியம் சுழியம்." புள்ளிக்குப் பின் மூன்று சுழியமா, நான்கா? ஒன்றைத் தவறவிட்டால் பத்து மடங்கு பிசகு. திரும்பக் கேட்க வேண்டும். வேகத்தைக் குறைத்துக் கேட்க வேண்டும். அதே தொகை சதோஷியில்: "முப்பத்து நான்காயிரத்து ஐந்நூறு." ஒருமுறை போதும், மனத்தில் உட்கார்ந்துவிடும். எண்ணுப்பெயர் அளவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. "ஆயிரம்" என்று காதில் விழுந்தாலே எவ்வளவு பெரிய தொகை என்று தெரிந்துவிடும். தசமத்தில் இலக்கங்களை வரிசையாக ஒப்பிப்பதைத் தவிர வழியில்லை.

இன்னொரு தொல்லை: சில செயலிகள் அலகை எண்ணுக்குப் பக்கத்தில் தனிப் படமாக வைத்துவிடுகின்றன. எனக்கு எண் மட்டும் கேட்கும், அலகு கேட்காது. எதைத் தேர்ந்தாலும் எண்ணையும் அலகையும் ஒரே வாக்கியமாகப் படிக்கும்படி வையுங்கள்.

#11 எட்டுப்பூச்சியம்

செவிவழி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பெரிய தொகைக்கு என்ன செய்வீர்கள்? 2.5 பிட்காயின் வைத்திருப்பவருக்கு 250000000 என்று காட்டினால், முன்னால் எண்ணிய பூச்சியத்தை இப்போது பின்னால் எண்ண வேண்டும். ஆள் மாறினார், தொல்லை மாறவில்லை. மனிதக் கண் நான்கு பொருள் வரை எண்ணாமலே பிடித்துவிடும், அதற்கு மேல் எண்ணத்தான் வேண்டும் என்பார்கள். எட்டு என்பது எந்தப் பக்கம் இருந்தாலும் எட்டுதான்.

பிட்காயினில் காட்டிக்கொண்டே சதோஷியைப் பிரித்துக் காட்டும் வழி ஒன்று உண்டு: 0.12 345 678. புள்ளிக்குப் பின் முதலில் இரண்டு இலக்கம், பிறகு மூன்று மூன்றாக, இடையில் சிறு இடைவெளி. ஒரு பார்வையில் பிட்காயின், மறு பார்வையில் 1 கோடியே 23 லட்சத்துச் சொச்சம் சதோஷி. முன்னால் நிற்கும் வெற்றுப் பூச்சியங்களை மங்கலாக்கிவிட்டால் கண் நேராகப் போய் எண்ணில் விழும்.

#12 பழையகணக்கு

250000000 என்று காற்புள்ளி இல்லாமல் போட்டால் யார்தான் படிப்பார்கள்? 25,00,00,000 என்று போடுங்கள். 25 கோடி. தமிழில் எண்ணுபவருக்கு இதில் ஒரு வசதி கொட்டிக்கிடக்கிறது, யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு பிட்காயின் சரியாகப் பத்துக் கோடி சதோஷி. ஆகவே கோடியைப் பத்தால் வகுத்தால் பிட்காயின் வந்துவிடும். 25 கோடி சதோஷி, 2.5 பிட்காயின். 7 கோடி, 0.7. பத்து லட்சம் சதோஷி என்றால் நூறில் ஒன்று. மனக்கணக்கிலேயே போகலாம். காற்புள்ளியை எங்கே வைப்பது என்பதைப் பயனர் தேர்ந்த மொழி அமைப்பிலிருந்து எடுங்கள், அவ்வளவுதான். தமிழ் அமைப்பில் 100,000,000 என்று காட்டிவிட்டுக் கோடியைத் தேடச் சொல்லாதீர்கள்.

சிறியதற்குத் தனிப்பெயர் வைப்பது நமக்குப் புதிதும் அல்ல. பழைய தமிழ்க் கணக்கில் புள்ளி போட்டுப் பூச்சியம் அடுக்கவில்லை. இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, 320இல் ஒன்று முந்திரி. முந்திரியையும் 320 ஆக உடைத்தால் கீழ்முந்திரி: ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்கு. இம்மி அதற்கும் கீழே. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர், அந்தப் பெயரால் முழு எண்ணாக எண்ணினார்கள். "பிட்" என்ற பெயர் தமிழில் எடுபடாமல் போவதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை. கணினிக்காரருக்கு அது 0 அல்லது 1. மாணவருக்குத் தேர்வறையில் சட்டைப்பையில் ஒளித்துவைக்கும் சீட்டு. "என்னிடம் 500 பிட் இருக்கிறது" என்று சொன்னால் கண்காணிப்பாளர் வந்துவிடுவார்.

#13 தசமம்வேண்டாம்

அப்படியானால் சதோஷிக்கு "இம்மி" என்றே பெயர் வைத்துவிடலாமே! இம்மியளவும் விட்டுக்கொடுக்காத பணம்.

#14 மட்டுறுத்துநர்

இம்மி, அணு, துளி, பொடி என்று பெயர்ப் பரிந்துரைகள் மட்டும் பதினேழு பதிவுகள் வந்துவிட்டன. அவற்றைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே காட்சி அலகைப் பற்றி மட்டும்.

#15 மின்னல்முனை

அடித்தளம் நகராது என்று பழையகணக்கு சொன்னார். பிட்காயினை வேகமாக அனுப்ப அதன்மேல் கட்டிய மின்னல் வலைப்பின்னலில் அந்தத் தளத்துக்குக் கீழே ஒரு நிலவறை இருக்கிறது. அங்கே கணக்கு மில்லிசதோஷியில், சதோஷியில் ஆயிரத்தில் ஒன்று. பணம் கடத்தும் கணுக்கள் அந்த அளவுக்குச் சிறிய கட்டணம் வாங்குவதால் அது தேவைப்பட்டது. சங்கிலியில், அதாவது பிட்காயினின் முதன்மைப் பதிவேட்டில், மில்லிசதோஷி கிடையாது. இருவர் மின்னலில் தமக்குள் திறந்த வழித்தடத்தை மூடும்போது சதோஷிக்குக் கீழே உள்ள துணுக்கு வெட்டப்பட்டுவிடும்.

அதனால் இருப்பைக் காட்டும்போது எப்போதும் கீழ்நோக்கியே முழுமையாக்குங்கள். 999.6ஐ 1,000 என்று காட்டினால், பயனர் 1,000 அனுப்பப் பார்ப்பார், தோற்கும், உங்களைத் திட்டுவார். நியாயமாகத்தான் திட்டுவார்.

மின்னல் கட்டணச் சீட்டுகளைப் படிக்கும் பகுதியையும் கவனியுங்கள். அங்கே தொகைக்குப் பின்னால் ஓர் எழுத்து நிற்கும்: மில்லி, மைக்ரோ, நானோ, பிக்கோ என்று. 2500 மைக்ரோ என்று வந்தால் 2,50,000 சதோஷி. பிக்கோ என்று வந்தால் தொகையின் கடைசி இலக்கம் 0 ஆகத்தான் இருக்க வேண்டும், ஏனெனில் ஒரு பிக்கோபிட்காயின் மில்லிசதோஷியிலும் பத்தில் ஒன்று. இல்லையென்றால் அந்தச் சீட்டை நிராகரிக்க வேண்டும். இந்தக் குழப்பம் எல்லாம் இயந்திரத்தோடு போகட்டும், பயனரின் திரைக்கு வரக் கூடாது.

சங்கிலிக் கட்டண வீதம் ஏற்கெனவே சதோஷியில்தான் பேசப்படுகிறது: மெய்நிகர் பைட்டுக்கு (பரிவர்த்தனையின் அளவை அளக்கும் அலகு) இத்தனை சதோஷி. இருப்பைப் பிட்காயினிலும் கட்டணத்தைச் சதோஷியிலும் காட்டும் பணப்பைகளை நான் ஒருபோதும் புரிந்துகொண்டதில்லை. கழிப்பது ஒன்றிலிருந்து மற்றொன்றை! ஆனால் வீதத்தில் மட்டும் தசமத்துக்கு இடம் விடுங்கள். கணுக்கள் ஓட்டும் பிட்காயின் கோர் மென்பொருள் 2025இல், பரிவர்த்தனையைக் கணுக்கள் பரப்புவதற்கான குறைந்தபட்ச வீதத்தைப் பைட்டுக்கு 1 சதோஷியிலிருந்து 0.1 ஆக இறக்கிவிட்டது. அங்கேயும் புள்ளி வந்துவிட்டது, தசமம்வேண்டாம் மன்னிக்க வேண்டும்.

#16 ஈதர்வாசி

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வார்த்தை. "மிகச் சிறிய அலகில் முழு எண்" என்பது எல்லா நாணயத்துக்கும் பொருந்தாது. எத்தீரியம் வலையின் நாணயமான ஈதரின் மிகச் சிறிய அலகு வெய். ஓர் ஈதர் என்பது 1க்குப் பின் 18 பூச்சியம் வெய். அதைத் திரையில் போட்டால் பயனர் ஓடிவிடுவார். அதனால் இருப்பு ஈதரில், கட்டணம் மட்டும் நடுவிலுள்ள குவெய்யில் (100 கோடி வெய்) என்று பழகிவிட்டோம். சாதாரணப் பரிமாற்றத்துக்கு 21,000 அலகு எரிபொருள் (வலையில் செய்யும் வேலையின் அளவு). அலகுக்கு 20 குவெய் என்றால் மொத்தம் 4,20,000 குவெய், அதாவது 0.00042 ஈதர். வீதத்தைக் குவெய்யில் சொல்லிவிட்டு மொத்தத்தை ஈதரில் காட்டுவதில் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள் என்பதும் உண்மை.

எங்கள் பக்கம் இன்னொரு பள்ளம் டோக்கன்கள். எத்தனை தசம இடம் என்பதை, டோக்கனை நடத்தும் நிரலான ஒவ்வோர் ஒப்பந்தமும் தானே அறிவிக்கும். டாலர் மதிப்பை ஒட்டிய டோக்கன்களிலேயே யுஎஸ்டிசிக்கு 6, டாய்க்கு 18. எல்லாமே 18 என்று எண்ணி நிரல் எழுதினால் ஒரு லட்சம் கோடி மடங்கு பிசகும். நானே எழுதியிருக்கிறேன். சோதனை வலையில் என்பதால் தலை தப்பியது.

பிட்காயினின் எட்டு இடம் இந்த வகையில் கொடுத்துவைத்தது. முழு எண்ணாகக் காட்டவும் முடிகிறது, ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் வகைக்குள் அடங்கவும் செய்கிறது. அது பிசகில்லாமல் தாங்கும் முழு எண் 90 கோடி கோடிக்குச் சற்று மேல். உங்கள் மொத்த அளிப்பே 21 கோடி கோடிதான். ஆனால் தசமத்தில் கணக்குப் போட்டால் அதே மொழி 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி 0.30000000000000004 என்று சொல்லும். சேமிப்பதும் கூட்டுவதும் சதோஷியில், புள்ளி கடைசி நொடியில் எழுத்தாக மட்டும். இதைச் செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

#17 நிரல்நெசவு

செய்திருக்கிறேன். அந்த ஒரு விஷயத்திலாவது திட்டு வாங்காமல் தப்பினேன்.

#18 எழுத்துருக்காரர்

தட்டச்சு செய்யும் பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. படிப்பதில் வரும் பிழை வெறும் குழப்பம். தட்டுவதில் வரும் பிழை பணம்.

பல நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளியை எழுதுகிறார்கள். ஒருவர் 1,500 என்று ஒட்டினால் அது ஆயிரத்து ஐந்நூறா, ஒன்றரையா? சதோஷியில் மட்டும் தொகை வாங்கும் பெட்டியில் இந்தக் கேள்வியே எழாது: தசமத்துக்கு இடமில்லை, எந்தக் குறி வந்தாலும் அது பிரிப்பான்தான். நீங்கள் சதோஷியைத் தேர்ந்தால் எனக்குப் பெரிய ஆறுதல் அதுதான். 1.5 என்று தட்டினால் மட்டும் ஊகிக்காமல் நின்று கேளுங்கள். அவர் மனத்தில் பிட்காயின் இருக்கிறது என்று பொருள்.

வழக்கமான பணத்தின் மதிப்பை இரண்டாம் வரியில் மங்கலாகக் காட்டுங்கள், "ஏறத்தாழ" என்ற சொல்லோடு. அன்று எனக்கு அந்த வரி இருந்திருந்தால் 2 என்று தட்டியவுடனே விழித்திருப்பேன்.

#19 நிரல்நெசவு

முடிவுக்கு வந்துவிட்டேன். எல்லாருக்கும் பிடிக்காது, தெரியும்.

தொடக்க நிலையில் எல்லாத் திரையிலும் சதோஷி: இருப்பு, வரலாறு, தொகைப் பெட்டி, கட்டணம், உறுதிசெய்யும் திரை. எண்ணோடு "சதோஷி" என்ற சொல் எப்போதும் ஒட்டிக்கொண்டே வரும். அமைப்புகளுக்குள் போனால் பிட்காயினுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் எல்லாத் திரையும் சேர்ந்து மாறும், எட்டுப்பூச்சியம் சொன்ன 0.12 345 678 வடிவத்தில். அந்த நிலையில் உறுதிசெய்யும் திரையில் மட்டும் சதோஷியும் கூடவே வரும். மில்லியும் பிட்ஸும் இல்லை. எந்தப் புதுப்பிப்பும் பயனர் தேர்ந்த அலகைத் தொடாது. பிஐபி 177ஐ நிராகரிக்கவில்லை, மற்றவர்கள் முதலில் குதிக்கட்டும், நான் கரையில் நிற்கிறேன்.

முகப்பு எண்ணைத் தொட்டால் அலகு மாறும் என்ற வசதியையும் சேர்க்க ஆசைப்பட்டேன். கைதவறித் தொட்டுவிட்டு அனுப்பும் திரைக்குப் போனால் எழுத்துருக்காரரின் கதை மீண்டும் நடக்கும் என்பதால் விட்டுவிட்டேன். தொட்டால் இருப்பு மறையும், அவ்வளவுதான்.

#20 எட்டுப்பூச்சியம்

முதல் வேலையாக அமைப்புகளுக்குள் போய்ப் பிட்காயினுக்கு மாற்றிக்கொள்வேன். ஆனால் செயலியை நிறுவுவேன்.

#21 செவிவழி

சோதனைப் பதிப்பை நிறுவிப் பார்த்தேன். சதோஷி நிலையில் குறையில்லை. பிட்காயின் நிலைக்கு மாற்றினால், எண்ணுக்குள் நீங்கள் விட்ட சிறு இடைவெளியைத் திரைவாசிப்பான் சொல் முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது. 0.12 345 678 எனக்கு மூன்று தனித்தனித் தொகைகளாகக் கேட்கிறது: "சுழியம் புள்ளி ஒன்று இரண்டு. முந்நூற்று நாற்பத்தைந்து. அறுநூற்று எழுபத்தெட்டு." என்னிடம் திடீரென்று மூன்று கணக்குகள் இருப்பதுபோல் ஆகிவிட்டது.

#22 நிரல்நெசவு

மன்னியுங்கள், என் தவறு. இடைவெளியை எழுத்தாகப் போட்டிருந்தேன். இப்போது இலக்கங்களைத் தொடர்ச்சியாக வைத்து, இடைவெளியைத் தோற்றத்தில் மட்டும் விட்டிருக்கிறேன். எந்த நிலையிலும் திரைவாசிப்பானுக்குத் தனியாகச் சதோஷித் தொகையையே கொடுக்கிறேன். புதிய பதிப்பை ஏற்றிவிட்டேன். பார்த்துச் சொல்ல முடியுமா?

#23 செவிவழி

பார்த்தேன், அதாவது கேட்டேன். "ஒரு கோடியே இருபத்து மூன்று லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்து அறுநூற்று எழுபத்தெட்டு சதோஷி." ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. சோதனைக் காசு என்பதுதான் வருத்தம்.